எலெக்ட்ரான் எந்த ஊர்?

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பெரிய ரோட்டோரம் ஒரு போர்டு உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஒரு அறை, அந்த அறைக்கு ஒரே ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. சாவி இருந்தது ராஜப்பனின் அரைஞாண் கயிற்றில். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் மூன்று தடவை கணக்கில் கோட்டை விட்டவனுக்குக் கிடைத்த வேலை லேப் அட்டெண்டர். ஆனால் அவன் நடக்கிற நடையைப் பார்த்தால், இவன் கதவைத் திறந்து விட்டால்தான் விஞ்ஞானமே வெளியில் வரும் என்று தோன்றும். அது முழுப் பொய்யுமில்லை. ராஜப்பன் லீவு போட்டால் அன்றைக்கு அந்தப் பள்ளியில் விஞ்ஞானம் கிடையாது.

மற்றவர்கள் சாமான்களைத் துடைத்து வைப்பார்கள். ராஜப்பன் துடைக்கிறபோதே அவற்றோடு குடித்தனம் நடத்துவான். தெர்மாமீட்டரிடம், “காய்ச்சல் விட்டுதா?” என்று விசாரிப்பான். தராசுத் தட்டுகள் ஆடினால், “சண்டை வேணாம், ரெண்டு பேரும் ஒரே எடைதான்” என்று சமாதானம் செய்வான். காந்தக் கட்டை இரண்டு இருந்தன. ஒரே முனையை எதிரெதிரே காட்டினால் அவை முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகும். அதைக் கண்ட நாளிலிருந்து ஒன்றுக்குச் சென்னப்பன் என்றும் மற்றதற்கு நாராயணப்பன் என்றும் பெயர் வைத்திருந்தான்.

இந்தப் பெயர்கள் சும்மா வாய்க்கு வந்தவை அல்ல. மாவனப்பள்ளியில் சென்னப்பன் அண்ணன், நாராயணப்பன் தம்பி. அப்பன் செத்தபின் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள், மாமரத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள். கேழ்வரகு அடிக்கிற களத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் அது வட்டமாகக் கிடந்தது. ‘எல்லைக்கல்லை நீ நகர்த்தினாய்’ என்று அண்ணன் சொன்னார். ‘நீதான் நகர்த்தினாய்’ என்று தம்பி சொன்னார். அதோடு பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. கல்லுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் அன்றைக்கே வழக்கு தீர்ந்திருக்கும்.

இதில் ராஜப்பனுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றால், இவர்களுடைய தங்கை வெங்கடம்மாளின் மகள் சரோஜம்மாளைத்தான் அவனுக்கு நிச்சயம் செய்திருந்தது. நிச்சயம் செய்து இரண்டு வருஷம். பெண்ணின் அப்பா இல்லை. அந்தக் குடும்பத்துக் கல்யாணம் எல்லாம் அந்தக் களத்தில்தான் நடக்கும். தாய்மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டி வருவார். எந்த மாமன் கூட்டி வருவது என்பதுதான் கேள்வி. “மூத்தவன் நான்” என்றார் சென்னப்பன். “அப்பன் இல்லாத பொண்ணை என் வூட்டுல வெச்சு வளத்தவன் நான்” என்றார் நாராயணப்பன். இரண்டும் நியாயம். இரண்டு நியாயம் மோதிக்கொண்டால் நடுவில் நிற்கிறவன் பிரம்மச்சாரியாகவே நிற்க வேண்டியதுதான். ராஜப்பன் நின்றான்.

இப்படி இருக்கையில் ஐம்பத்தேழாம் வருஷம் கார்த்திகை மாதம், பள்ளியில் விஞ்ஞானச் சொற்பொழிவு என்று ஏற்பாடானது. பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சொற்பொழிவு முடிந்ததும் படம் காட்டுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதில் சுற்றுவட்டாரமே திரண்டுவிட்டது. சென்னப்பன் வலதுபக்கப் பெஞ்சிலும் நாராயணப்பன் இடதுபக்கப் பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். பேராசிரியர், கிராமத்து ஜனங்களுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று பெரிய மனதோடு கன்னடத்தில் ஆரம்பித்தார். ஹெட்மாஸ்டர் தஞ்சாவூர்க்காரர். அவருக்குக் கன்னடம் என்றால் காதில் காற்று போகிற மாதிரி.

“ராஜப்பா, உனக்குத்தான் மூணு பாஷையும் வருமே. நீ பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லு” என்றார்.

ராஜப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். சந்தைக் கன்னடத்தை நம்பி மேடை ஏறினான். விதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர் சொன்னார்: “எலெக்ட்ரான் எம்பது ஒந்து கண.”

அவர் சொன்ன ‘கண’ புத்தகக் கன்னடம். துகள் என்று அர்த்தம். ராஜப்பனுக்குத் தெரிந்த ‘கண’ அந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கன்னடம். கேழ்வரகு அடிக்கிற களம் என்று அர்த்தம். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னான்:

“எலெக்ட்ரான்ங்கிறது ஒரு களம்.”

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. விஞ்ஞானம் என்னவோ என்று பயந்திருந்தார்கள். நம்ம சமாசாரம்தான் என்று தெம்பு வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்: “எலெக்ட்ரான் எந்த ஊருப்பா? பாகலூர் பக்கமா?”

“இருங்க, சொல்லுவாரு” என்றான் ராஜப்பன்.

பேராசிரியர் கரும்பலகையில் ஒரு சுவர் வரைந்து அதில் இரண்டு வாசல் வைத்தார். “ஒந்தே கண. எரடு பாகிலு. யாரூ நோடதெ இத்தரெ, எரடரல்லூ ஹோகுத்தெ. நோடிதரெ, ஒந்தரல்லி மாத்ர.”

“ஒரே களம், ரெண்டு வாசல்” என்றான் ராஜப்பன். அவனுக்கே கொஞ்சம் வியர்த்தது. “யாரும் பாக்காம இருந்தா, களம் ரெண்டு வாசல் வழியாவும் போவும். பாத்தா, ஒரு வாசல்ல மட்டும் போவும்.”

அவன் தப்பாகச் சொல்கிறான் என்று சொல்ல ஒரு நாதியில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியும். அவர்களும் காதால் கேட்டார்கள், ‘கண’ என்றுதான் சொன்னார். அந்தக் கண சில சமயம் அலையாகவும் இருக்கும் என்று பேராசிரியர் சொன்னபோது, போன ஐப்பசியில் ஏரி உடைந்து களத்தில் முழங்கால் தண்ணீர் அலையடித்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் மாலையும் கையுமாக நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். படம் கடைசிவரை காட்டவில்லை. ஆனால் ஒருவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

வலதுபக்கப் பெஞ்சில் சென்னப்பன் எழுந்தார். “அப்பிடிப் போடு! நான் அசந்த நேரத்துல களம் அந்தாண்ட போவுது. அதான் கல்லு இடம் மாறுது!”

இடதுபக்கப் பெஞ்சில் நாராயணப்பன் எழுந்தார். அண்ணனோடு பேசுவதில்லை என்பதால் கூரையைப் பார்த்துச் சொன்னார்: “யாரு அசந்த நேரத்துல யாரு பக்கம் போவுதுன்னு ஊருக்கே தெரியும்!”

மறுநாள் காலையில் சென்னப்பன் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் களத்தின் மேற்கு ஓரத்தில் போட்டார். அரைமணி நேரத்தில் நாராயணப்பன் கட்டில் கிழக்கு ஓரத்துக்கு வந்தது. இரண்டு பேரும் காலையில் கஞ்சி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை களத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகராது. அப்படித்தானே பெங்களூர்க்காரர் சொல்லியிருக்கிறார்? களத்தில் ஒருவர் காலையும் வைக்க விடவில்லை. அறுத்த கேழ்வரகுத் தாள் போர் போராக நின்றது.

கேழ்வரகு அடிக்கிற பெண்களுக்குக் கெம்பம்மாதான் தலைமை. அடித்தால்தான் அவர்களுக்குக் கூலித் தானியம். அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏம்பா ராஜப்பா, நீ ஏதோ சொன்னியாம், களம் நடக்குதாம். முப்பது வருஷமா நான் சாணி போட்டு மெழுகுறேன். ஒரு நாளாவது அது எழுந்து நின்னு பாத்ததில்ல.”

“அது நான் சொன்னதில்ல கெம்பம்மா. விஞ்ஞானம் சொன்னது.”

“அப்ப விஞ்ஞானத்தையே வரச்சொல்லு. வந்து போர் பிரிச்சு அடிக்கட்டும்.”

ராஜப்பனுக்கோ அந்த விஞ்ஞானம் தலைக்கேறியிருந்தது. இரண்டு வாசலில் ஒரே சமயத்தில் போகலாம் என்றால் எவ்வளவு சௌகரியம்! ஒரு நாள் மணியடிக்க வேண்டிய நேரத்தில் டீக்கடையில் இருந்துவிட்டு வந்தான். எங்கே போயிருந்தாய் என்று ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு, “இங்கயும் இருந்தேன் சார், அங்கயும் இருந்தேன். நீங்க பாக்காததால ரெண்டு எடத்துலயும் இருந்தேன்” என்றான்.

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னடா உளர்றே?”

ராஜப்பன் விளக்கினான். களம், வாசல், பார்த்தால், பார்க்காவிட்டால். ஹெட்மாஸ்டர் முகம் முதலில் சுருங்கியது, பிறகு விரிந்தது. பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அட மண்டூ! எலெக்ட்ரான்னா துகள்டா, துகள். தூசியைக் கோடியாப் பங்குபோட்டா அதுல ஒரு பங்குக்கும் சின்னது. நெல்லு அடிக்கிற களமா அது? எனக்குக் கன்னடம் தெரியாது, உனக்கு விஞ்ஞானம் தெரியாது, சபைக்கு ரெண்டும் தெரியாது. பேஷ்!”

ராஜப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற சமாசாரமா இது? அவன் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையால் இரண்டு மாமன்களும் கட்டில் போட்டுக் காவல் இருக்கிறார்கள். பந்தல் போட வேண்டிய இடம் அது. அன்றைக்குச் சாயங்காலமே வெங்கடம்மாள் அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

“மாப்ளே, நான் சொல்றத வருத்தப்படாம கேளுங்க. கோலார் தங்கவயல்ல எங்க வூட்டுக்காரர் வழியில ஒரு பையன் இருக்கான். அவங்க கோயில்ல தாலி கட்டிக் கூட்டிக்கிட்டுப் போயிடுறோம்னு சொல்றாங்க. களமும் வேணாம், மாமன் சீரும் வேணாமாம். தை மாசக் கடைசி முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் ஒரே பந்தல்ல நின்னா உங்களுக்கு. இல்லாட்டி கோலாருக்கு. எனக்கு வேற வழி தெரியல.”

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். கதவுக்குப் பின்னாலிருந்து சரோஜம்மாளின் குரல் வந்தது. அந்தக் குரலில் அழுகை இல்லை; கோபம்தான் இருந்தது.

“வாயால கெடுத்தது நீங்க. நீங்களே சரி பண்ணுங்க. எனக்குக் கோலாருக்குப் போவ இஷ்டம் இல்ல. அங்க தண்ணி உப்பு.”

அந்த இரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் சொன்னதிலேயே அன்பான வார்த்தை அதுதான். ராஜப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான், ஏறி மிதிக்கத் தெம்பில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டர், “பேராசிரியர் சொன்னதை நீயே கண்ணால பாரு, அப்பவாவது புத்தி வரும்” என்று செய்முறை சொல்லிக்கொடுத்தார். ஒரு கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கரியாக்க வேண்டும். இரண்டு சவர பிளேடுகளை ஒட்டிப் பிடித்து அந்தக் கரியில் ஒரே இழுப்பு இழுத்தால், மயிரிழை இடைவெளியில் இரண்டு கோடு விழும். அவைதான் இரண்டு வாசல். தகரத்தில் ஒரு கீறல் போட்டு அதற்குப் பின்னால் சிம்னி விளக்கை வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, கரிக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.

பதினோரு கண்ணாடி வீணானது. ராஜப்பனின் மூக்கு நுனி கரியானது. பன்னிரண்டாவதில் வந்தது. ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு, ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு என்று சேலைக் கரை போட்ட மாதிரி வரிவரியாக நின்றது. இரண்டு வாசல் வழியாக வந்த வெளிச்சம் ஒன்றோடொன்று சேர்ந்தும் மோதியும் போட்ட கோலம் அது. ராஜப்பன் ஒரு கோட்டை மட்டும் காகிதத்தால் மறைத்துப் பார்த்தான். கோலம் போய்விட்டது. வெறும் வெளிச்சம் மட்டும் மொட்டையாகத் தெரிந்தது.

காகிதத்தை எடுத்தான். கோலம் வந்தது. வைத்தான். போனது.

“சார்!” என்று கத்தினான். “ஒரு வாசலை அடைச்சாத்தான் சார் எல்லாம் கெட்டுப் போவுது!”

“அதைத்தாண்டா அவரும் சொன்னார்.”

“இல்ல சார். கல்யாணத்தைச் சொல்றேன்.”

ஹெட்மாஸ்டர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தான் சொன்னது தப்பு என்று ஊரைக் கூட்டி ஒப்புக்கொள்வதா, இல்லை அந்தத் தப்பைக் கட்டிக்கொண்டே கரையேறுவதா என்று ராஜப்பன் இரண்டு நாள் யோசித்தான். ஒப்புக்கொண்டால் ஊர் சிரிக்கும், கட்டில்கள் எழுந்து போகும். ஆனால் எந்த மாமன் கையைப் பிடிப்பது என்பது அப்படியேதான் கிடக்கும். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்து களத்துக்குப் போனான்.

சென்னப்பன் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பில் சுக்குக் கஷாயம். கெம்பம்மா கொண்டுவந்து வைத்ததாம். யார் கொடுத்தது என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாளாம். ராஜப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அவன் கவலை.

“மாமா, பந்தலுக்கு ரெண்டு வாசல் வெச்சிடலாம். மேக்கால ஒண்ணு உங்களுக்கு, கெழக்கால ஒண்ணு சின்ன மாமாவுக்கு. ரெண்டும் பந்தலோட பின்பக்கம், நடுவுல ஒரு பந்தக்கால்தான். நீங்க ரெண்டு பேரும் பொண்ணோட வெளிய நிப்பீங்க. உள்ள இருக்கிற ஜனம் எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். ஒரு ஆளும் திரும்பக் கூடாது. பொண்ணு வந்து மணையில உக்காந்தப்புறம்தான் திரும்பணும்.”

“எந்த வாசல்ல வருவா?”

“பாத்தாத்தானே மாமா ஒரு வாசல்? யாரும் பாக்கலன்னா ரெண்டும்தான்.”

சென்னப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீசையைத் தடவினார். “பெங்களூர்க்காரரு அப்பிடியா சொன்னாரு?”

“அப்பிடித்தான் சொன்னாரு மாமா.”

“அப்பச் சரி.”

கிழக்குக் கட்டிலுக்குப் போனான். நாராயணப்பனும் மீசையைத் தடவி, “பெங்களூர்க்காரரே சொன்னாரா? அப்பச் சரி” என்றார். நாலு வருஷமாக வளையாத இரண்டு இரும்பும் இப்படி வாழைத்தண்டாக வளைந்ததில் ராஜப்பனுக்குத் தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமை பிடிபடவில்லை. அன்று இரவே காந்தம் இரண்டையும் எதிர்முனை பார்த்து ஒட்டி வைத்துவிட்டு வந்தான். கட்டில்கள் கிளம்பின, கெம்பம்மாவின் கூட்டம் இறங்கியது, ஒரு வாரத்தில் போர் தீர்ந்து களம் சுத்தமானது.

தை கடைசி முகூர்த்தம். களத்தில் பந்தல் எழும்பியது. இரட்டை வாசல் பந்தலைப் பார்க்க வேப்பனப்பள்ளியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ராஜப்பன் மாப்பிள்ளைக் கோலத்தில் மணையில் உட்கார்ந்திருந்தாலும் அன்றைக்கும் அட்டெண்டர்தான். “யாரும் திரும்பக் கூடாது, யாரும் திரும்பக் கூடாது” என்று பரீட்சை ஹால் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான்.

சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. “எனக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு. அந்தக் கண்ணால பாக்கலாமா?” என்றாள் கெம்பம்மா. கூடாது என்றான். மேளக்காரர், “நான் ஊதும்போது கண்ணை மூடித்தான் ஊதுவேன், என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்றார். புரோகிதருக்குத்தான் பெரிய சிக்கல். “அக்கினி சாட்சியா கல்யாணம்னு சொல்றோம். அக்கினி பாக்குமே, அதுக்கு என்ன பண்றது?”

ராஜப்பன் ஒரு கணம் ஆடிப்போனான். பேராசிரியரிடம் இதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. பிறகு சொன்னான்: “அது பாக்கும் சாமி. ஆனா யாருகிட்டயும் சொல்லாது.”

புரோகிதர் ஒப்புக்கொண்டார். முன்வரிசையில் இருந்த ஹெட்மாஸ்டர், “இது விஞ்ஞானம் இல்லடா, கூத்து” என்று முணுமுணுத்துவிட்டு, எல்லோருக்கும் முந்தித் தாமே திரும்பி நின்றுகொண்டார்.

மேளம் முழங்கியது. முந்நூறு பேர் முதுகைக் காட்டி நின்றார்கள். ராஜப்பன் அக்கினியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால்தான் எல்லாம் நடக்கிறது. தன் கல்யாணத்தில் தான் மட்டுமாவது திரும்பிப் பார்த்தால் என்ன என்று கழுத்து துடித்தது. சட்டம் போட்டவனே மீறலாமா? பல்லைக் கடித்துக்கொண்டான். மேளத்தையும் மீறி ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. யாரோ அதட்டினார்கள். தொப்பென்று ஒரு சத்தம். பந்தல் ஒரு ஆட்டம் ஆடி, மேலேயிருந்து இரண்டு மாவிலை அவன் தலையில் விழுந்தது. போச்சு, அடித்துக்கொள்கிறார்கள், கோலார்தான் என்று அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு மேளச் சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு தும்மலா, விம்மலா தெரியாத சத்தம். பிறகு அவன் வலப்பக்கம் வளையல் குலுங்கியது. பட்டுச் சேலை அவன் முழங்கையில் உரசியது. சரோஜம்மாள் வந்து மணையில் உட்கார்ந்திருந்தாள்.

“திரும்பலாம்!” என்று கத்தினான். குரல் உடைந்து பூனைக் குரலாக வந்தது.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்த பந்தல் கால் சாய்ந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் நின்றிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. வெள்ளைத் தலைப்பாகையோடு நின்ற சென்னப்பன் தலையில் சிவப்புத் தலைப்பாகை இருந்தது. சிவப்புக் கட்டியிருந்த நாராயணப்பன் தலையில் வெள்ளை. கட்டிப்பிடித்தார்களா, கட்டிப் புரண்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லையே! வெங்கடம்மாள் இரண்டு அண்ணன்களையும் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். தாலி ஏறியது.

பந்தியில் ஒப்பட்டுப் போளி போடும்போது ராஜப்பனுக்கு மனசாட்சி உறுத்தியது. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்கள். மாறிய தலைப்பாகையை மாற்றிக்கொள்ளவுமில்லை. அவன் எதிரில் போய்க் குந்தினான்.

“மாமா, ஒரு உண்மைய சொல்லணும். திட்டக் கூடாது. அந்தக் கண களம் இல்ல. துகளாம். தூசி மாதிரி. எனக்குக் கன்னடம் பத்தல. களம் எங்கயும் நடக்காது.”

சென்னப்பன் ஒப்பட்டை நெய்யில் தோய்த்தார். “தெரியும்.”

“தெரியுமா?”

“மூணாம் நாளே பெங்களூரு மண்டிக்காரன் வந்தான்ல? ரெண்டு பேரு கட்டிலுக்கும் வந்து விஷயத்தைச் சொல்லி வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுட்டுப் போனான்.”

“அப்புறம் எதுக்கு மாமா ஒன்றரை மாசம் வெயில்ல உக்காந்திருந்தீங்க?”

“அவன் உக்காந்திருந்தான். நானும் உக்காந்தேன்.”

நாராயணப்பன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாலு வருஷம், மாப்ளே. எதுக்க வந்தா வேற சந்துல திரும்பிடுவோம். எங்கண்ணன் மூஞ்சிய நேருக்கு நேரு பாக்க எனக்கு ஒரு சாக்கு இல்ல. நீ குடுத்த. களத்தைப் பாக்குறேன்னு கட்டில் போட்டேன். அங்கிருந்து பாத்தா அவருதான் தெரிவாரு. ரொம்ப எளைச்சுட்டாரு, இருமல் வேற. அதெல்லாம் அப்பத்தான் கண்டேன்.”

அந்தச் சுக்குக் கஷாயம் யார் வீட்டு அடுப்பில் காய்ந்தது என்று ராஜப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரையே ஏமாற்றிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு கிழவர்கள் தன்னை ஏமாற்றவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிக்கப் போனான். சிரிப்புக்குப் பதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அழுவாத. ஒப்பட்டு ஆறிப்போவுது” என்றார் சென்னப்பன்.

அதற்குப் பிறகு ‘கண ராஜப்பன்’ என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. பள்ளியில் கரிக்கண்ணாடிப் பரிசோதனை வருஷா வருஷம் நடந்தது; மூக்கு நுனியில் கரியோடு அவன்தான் செய்து காட்டினான். எல்லைக்கல்லை யாரோ பிடுங்கி ஏரிக்கரையில் துணி துவைக்கப் போட்டுவிட்டார்கள். சென்னப்பன் போகிற இடமெல்லாம், “சரோஜாவைக் கையைப் புடிச்சுக் கூட்டி வந்தது நான்தான்” என்பார். நாராயணப்பனும் அதையேதான் சொல்வார். ஒருவர் சொல்லும்போது மற்றவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையை ஆட்டுவார். இதில் எது நிஜம் என்று ஊரில் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

ராஜப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆயிரந்தான் சொன்னாலும் அவன் பரிசோதனைக்காரன். முடிவு தெரியாமல் எப்படித் தூங்குவது? கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே கேட்டான்.

“சரோஜா, உண்மையச் சொல்லு. நீ எந்த வாசல் வழியா வந்த? யாரு கையைப் புடிச்சுக்கிட்டு?”

அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை.

“நீங்க திரும்பிப் பாத்தீங்களா?”

“இல்லியே.”

“பொண்டாட்டி வர்றதைக்கூடப் பாக்காம உக்காந்திருந்தீங்கல்ல, அம்மாம் நெஞ்சழுத்தம்?”

“சட்டம் நான் போட்டதாச்சே. எப்பிடிப் பாப்பேன்?”

அவள் அப்போதுதான் திரும்பினாள். புகையால்தான் கண் கலங்கியிருந்தது என்று பிற்பாடு சாதித்தாள்.

“அப்ப ரெண்டு வழியாவும்தான்” என்றாள். “எங்க மாமன் ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் ரெண்டு வழியாவும்தான் வந்தேன். இன்னொரு தடவ கேக்காதீங்க. தட்டை எடுத்துக்கிட்டு வாங்க.”

ராஜப்பன் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.